காளை மீண்டது! காளையர்க்குக் கிடைத்தது என்ன?

அஸ்தினாபுரம் என்றதும் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அரியணை நினைவுக்கு வரும். அரண்மனை நினைவுக்கு வரும். சகுனியும் சூதாட்டமும் நினைவுக்கு வரும். குரோம்பேட்டைக்குக் கிழக்கே இருக்கும் நம் அஸ்தினாபுரத்தில் அவை ஒன்றும் இல்லை. இங்கே இருப்பவன் பாட்டாளி. பொழுது விடியுமுன் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு ஓடுபவன். பட்டறையில் கண் எரிய நின்று இரும்பை ஒட்டுபவன். கட்டடச் சாரத்தில் ஏறி வானுக்கும் மண்ணுக்கும் இடையே தொங்குபவன். அவர்களிலே மதுரைச் சீமையிலிருந்து வந்தவர் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி வட்டாரங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் உண்டு.

மார்கழி முடிவில் இவர்களைப் பாருங்கள்! கால் தரையில் நிற்காது. தாம்பரம் ரயிலடியில் நெரிசல். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நெரிசல். நின்றுகொண்டே போனாலும் சரி, ஊர் போய்ச் சேர வேண்டும். கரும்பும் பொங்கலும் இங்கே கிடைக்காதா? கிடைக்கும். வாடிவாசல் கிடைக்குமா? அதற்காகத்தான் அந்த ஓட்டம்! தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று மதுரையைச் சுற்றி மூன்று நாளும் மண் அதிரும். அந்த அதிர்ச்சி அஸ்தினாபுரத்துத் தோழனின் நெஞ்சிலேயும் கேட்கிறது.

வீரத்தைப் பாடுவோர் பலர். அந்த வீரத்துக்கு விலை கொடுப்போர் யார் என்று கேட்போர் சிலர். அந்தச் சிலரோடு சேர்ந்து நாம் கேட்க விரும்புகிறோம். ஏறு தழுவும் விழாவின் வரலாற்றைப் புரட்டினால் ஏடு நிறையக் காளை இருக்கிறது. காளை பிடித்தவன் எங்கே?

நம் பக்கத்து ஊரின் பெயரிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. குரோம்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால் வந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், நாகல்கேணி ஆகிய இடங்களெல்லாம் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. மாடு உயிரோடு இருந்தபோது அதன் கொம்புக்கு வண்ணம் பூசினர், கழுத்துக்கு மாலை சூட்டினர். அது மாண்ட பிறகு அதன் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, நாற்றத்தையும் நஞ்சையும் மூக்கில் ஏற்றிக்கொண்டு, நாடு நடக்கச் செருப்புத் தந்தானே ஒரு தொழிலாளி, அவனுக்கு என்ன சூட்டினர்? ‘தீண்டாதே’ என்ற பட்டத்தைச் சூட்டினர்! மாட்டுக்கு மாலை, மாட்டோடு மாய்ந்தவனுக்குச் சேரி! இந்த நீதி தோல் மண்டியில் மட்டும்தானா? வாடிவாசலிலும் உண்டா? வரலாறு என்ன சொல்கிறது, பார்ப்போம்.

முல்லை நிலத்து முரசு

விழா பழையது. மிகப் பழையது. டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ முத்திரை ஒன்று இருக்கிறது. கொம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு விலங்கு. அதைச் சுற்றி எகிறி வீழும் மனித உருவங்கள். ஏறு தழுவும் காட்சியே இது என்று கருதினார் ஆராய்ச்சியாளர் ஐராவதம் மகாதேவன். நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே கரிக்கியூரில் உள்ள பாறை ஓவியங்களிலும் காளை விரட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கல்லில் கண்டது போதும் என்றால் சொல்லில் காணலாம். கலித்தொகையின் முல்லைக்கலியைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன். அதன் முற்பகுதிப் பாடல்கள் ஏறு தழுவலை நம் கண்முன் நிறுத்துகின்றன. தொழுவத்தில் காளைகள் சீறி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு சுழி, ஒரு குணம். பரண் மீது ஆயர் மகளிர். கொம்பைக் கண்டு அஞ்சுபவனைக் கணவனாக ஏற்க மாட்டாள் ஆயமகள். பாய்கிறார்கள் இளைஞர்கள். சிலர் தழுவுகிறார்கள், சிலர் குடல் சரிந்து வீழ்கிறார்கள். புலவர் அதையும் மறைக்கவில்லை. குருதியை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் பாடும் வழக்கம் சங்கப் புலவருக்கு இல்லை.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். தழுவியவன் யார்? மன்னனா? மந்திரியா? இல்லை. மாடு மேய்த்தவன்! அன்றாடம் புல்லறுத்துப் போட்டவன், கன்று ஈன்றபோது கண்விழித்தவன், காளையின் மூச்சை வைத்தே அதன் எண்ணத்தை அறிந்தவன். அவனுடைய வேலையிலிருந்து பிறந்தது அந்த விளையாட்டு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலும் இதே மரபுதான்: காளையை வளர்ப்பவள் ஆயர் மகள், அடக்குபவன் ஆயர் மகன். வேலை செய்தவனுடைய விழா, வேலை செய்தவனே நடத்திய விழா.

பிறகு என்ன ஆயிற்று? காலம் உருண்டது. மேய்ச்சல் நிலம் போய் ஜமீன் வந்தது. காளையின் கொம்பில் சல்லிக் காசு கட்டி, எடுத்துக்கொள் என்றார்கள், சல்லிக்கட்டு என்றார்கள், அதுவே ஜல்லிக்கட்டு ஆயிற்று. காசு கட்டியவன் யார்? காசு இருப்பவன். காசுக்காகக் கொம்பின் மேல் விழுந்தவன் யார்? காசு இல்லாதவன். கோயில் காளை முதலில் வரும். அதை யாரும் தொடக் கூடாது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் சண்டை. அந்த மரியாதை சாதிப் படிக்கட்டில் ஏறித்தான் இறங்கும்.

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959இல் புத்தகமாக வந்தது. அந்தச் சிறு நாவலைப் படித்தவர்கள் இந்த உண்மையை மறக்க முடியாது. ஜமீன்தாரின் காளை காரி. அதன் கொம்பில் தகப்பனைப் பறிகொடுத்த பிச்சி அதை அடக்க வருகிறான். அடக்கியும் விடுகிறான். முடிவு என்ன? தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுத் தள்ளுகிறார்! பிச்சிக்கு அது தகப்பனின் கடன். ஜமீனுக்கு அது கௌரவம். கௌரவம் போனால் காளைக்கும் குண்டுதான். காளையை நேசித்தவன் யார், காளையைத் தன் மீசையாக வைத்திருந்தவன் யார் என்று அந்தக் கதை அடித்துச் சொல்லிவிட்டது.

வீரர்களின் பெயர் எங்கே போயிற்று? சேலம் அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் நிற்கிறது; எருது விளையாடி மாண்ட ஒருவனுக்காக எழுப்பியது. அப்படிக் கல் பெற்றவர் மிகச் சிலர். கல் பெறாமல் மாண்டவர் எத்தனை எத்தனை பேர்! கணக்கெழுதியவர் எவர்?

வழக்கு மன்றத்தில் காளை

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். ஏனெனில் பழம்பெருமை பேசிப் பொழுதைக் கழிப்பது நம் வேலையல்ல.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் பிறந்தது. அதற்கு வித்திட்டது மாநிலங்களவையில் எழுந்த ஒரு சென்னைக் குரல்: அடையாற்றில் கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியத்தின் தலைமை அலுவலகம் 2018இல் அரியானாவுக்குப் போகும் வரை நம் சென்னையில்தான் இருந்தது. விலங்குக்கு இரக்கம் காட்டுவது குற்றமா? இல்லவே இல்லை. வாயில்லா உயிருக்காக வாய் திறப்பது நாகரிகம். அந்த இரக்கம் மண்ணறிந்து, மக்களறிந்து வர வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

2006 மார்ச்சில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு ஒருவர் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன இடத்தில், ரேக்ளாவுக்கும் தடை, ஜல்லிக்கட்டுக்கும் தடை என்று தீர்ப்பு வந்தது! 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நிபந்தனைகளோடு நடத்தலாம் என்றது. வழக்கு டில்லிக்கு ஏறியது. 2009இல் தமிழகச் சட்டமன்றம் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. 2011 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை விட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலிலே காளையையும் சேர்த்துவிட்டார்கள். ஏர் இழுத்த காளை சர்க்கஸ் புலியோடு ஒரே கூண்டில்! 2014 மே 7இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: தமிழகச் சட்டம் செல்லாது, ஜல்லிக்கட்டு கூடாது. வழக்காடியவர்கள் விலங்குகள் நல வாரியமும் பீட்டா அமைப்பும்.

அந்த வழக்கிலே சொல்லப்பட்டவை அனைத்தும் கட்டுக்கதை என்று நாம் வாதாடப் போவதில்லை. வாலை முறுக்குவது வீரமா? கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது பண்பாடா? சாராயம் ஊற்றிக் காளையை வெறியேற்றுவது தமிழன் மரபா? எங்கே நடந்திருந்தாலும் அது ஈனம். முல்லைக்கலியில் ஒரு பொட்டு மிளகாய்ப் பொடியையும் காண முடியாது! ஈனத்தைக் களைவதற்குப் பதிலாக விழாவையே வேரோடு பிடுங்கியது சரியா என்பதுதான் நாடு கேட்ட கேள்வி. வயலிலே களை இருந்தால் பயிருக்கா தீ வைப்பது?

2015 பொங்கலில் அலங்காநல்லூர் வாடி வெறிச்சோடியது. 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் கதவை மெல்லத் திறந்தது. நான்கைந்து நாளில் உச்சநீதிமன்றம் அதை மூடியது. 2017 பொங்கலும் வந்தது; தடை நீங்கவில்லை.

கடற்கரையில் எழுந்த கடல்

அதன் பிறகு நடந்ததை நாம் கண்ணால் கண்டோம். 2017 ஜனவரி 16இல் அலங்காநல்லூரில் கூடியவர்கள் கைதாயினர். 17ஆம் நாள் மெரினாவிலே சில நூறு இளைஞர்கள் அமர்ந்தனர். இரவு வந்தது, எழவில்லை. விடிந்தது, ஆயிரமாயினர். பிறகு எண்ணுவதற்கு விரல் போதவில்லை. மாணவர் வந்தனர், பழைய மாமல்லபுரச் சாலையின் கணினிக் கம்பெனி ஊழியர் வந்தனர், பெண்கள் கைக்குழந்தையோடு வந்தனர். தலைவர் இல்லை, மேடை இல்லை. கைப்பேசி வெளிச்சம் கடற்கரையில் விண்மீனாயிற்று. மதுரையில் தமுக்கம் நிரம்பியது; வைகைப் பாலத்தில் ரயில் நின்றது; கோவையில் வ.உ.சி. மைதானம் கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் காளையின் திமிலைத் தொட்டிருப்பார்கள்? நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். பிறகு ஏன் வந்தார்கள்? ‘எங்கள் வழக்கத்தைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவெடுக்க நீ யார்?’ என்று கேட்க வந்தார்கள். காளை அங்கே கொடியாயிற்று. கொடிக்குப் பின்னே தன்மானம் நின்றது.

ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது. 23இல் சட்டமன்றம் ஒருமனதாகச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே 23 காலையில் மெரினாவில் போலீசார் கூட்டத்தைக் கலைத்தனர். ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்கள் யார்? நடுக்குப்பத்து மீனவர்கள்! அடைக்கலம் தந்தவர்களின் மீன் சந்தை எரிந்தது. கூடை எரிந்தது, வலை எரிந்தது, பிழைப்பு எரிந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. சட்டம் வென்ற நாளும் சந்தை எரிந்த நாளும் ஒரே நாள் என்பதைத் தோழர்கள் மறக்கலாகாது. விழாவை மீட்டது தமிழ்நாடு முழுவதும். அன்று அதன் விலையை அதிகமாகக் கொடுத்தவர்கள் கூடை சுமக்கும் மீனவப் பெண்கள்.

2017 பிப்ரவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிகள் மறுபடி திறந்தன. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு, தமிழகத்தின் சட்டத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜனவரி 24இல் அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில், கலைஞர் நூற்றாண்டு ஏறு தழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. மந்தையில் நடந்த விழாவுக்கு மாளிகை போல் அரங்கம்! காளை மீண்டது. நன்று! மிக நன்று! காளையர்க்குக் கிடைத்தது என்ன?

கடல் கடந்து ஒரு பாடம்

இந்தக் கேள்வியை நம்முன் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் மாட்டுக்காரர்கள். ‘கௌபாய்’ என்றதும் சினிமாவில் கண்ட தொப்பியும் துப்பாக்கியும் நினைவுக்கு வரும். சினிமாவை மறந்துவிடுங்கள். அவன் கூலியாள். 1865இல் அங்கே உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், டெக்சாஸ் மாட்டு மந்தைகளை ரயிலடி வரை நூற்றுக்கணக்கான கல் தொலைவு ஓட்டிச் சென்றவன். அவர்களிலே மெக்சிகோக்காரர் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கருப்பர் உண்டு. வெட்டவெளியிலே முள்கம்பி வேலி எழுந்தது. ரயில் பாதை மேலும் மேலும் நீண்டது. மந்தை ஓட்டும் வேலை போயிற்று. வேலை போன பிறகு அந்த வேலையே வேடிக்கையாயிற்று! 1897இல் செயென் நகரத்திலே ஆண்டு விழா தொடங்கிற்று. ரயில் கம்பெனிக்காரர் ஒருவர் சொன்ன யோசனை அது. கூட்டம் வந்தால் டிக்கட் விற்குமல்லவா? கனடாவின் கால்கரி நகரத்து விழா 1912இல் தொடங்கிற்று. ‘ரோடியோ’ என்பது அந்த விளையாட்டின் பெயர். துள்ளும் எருதின் முதுகில் ஒரு கையால் பிடித்து எட்டு வினாடி தாக்குப் பிடிக்க வேண்டும்.

நம் ஊரிலும் அதே கதை நடக்கவில்லையா? ஏர் இழுத்த இடத்தில் டிராக்டர் வந்தது. வண்டி இழுத்த இடத்தில் லாரி வந்தது. காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர் என்ற நம் நாட்டு மாடுகளுக்கு வேலை குறைந்தது. இப்போது சிறந்த காளைக்கு அலங்காநல்லூரிலே தந்த பரிசு என்ன தெரியுமா? டிராக்டர்! எந்த எந்திரம் காளையைக் கழனியிலிருந்து விரட்டியதோ, அந்த எந்திரமே காளைக்குப் பரிசு. விந்தையிலும் விந்தை!

அமெரிக்கக் கதைக்குத் திரும்புவோம். அங்கே பில் பிக்கெட் என்று ஒரு கருப்பர் இருந்தார். ஓடும் எருதின் மேல் குதிரையிலிருந்து பாய்ந்து, கொம்பைப் பற்றிக் கீழே சாய்க்கும் விளையாட்டைப் புகழுக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவர் கற்றுத் தந்த வித்தையை வெள்ளையர் ஆடினர். அவரையோ பல களங்களில் போட்டியிட விடவில்லை. தோல் கருப்பு! 1932இல் மாண்டார். வீரர் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டதோ 1971இல்தான். உயிரோடு இருந்தபோது வாசலில் நிறுத்திவிட்டு, மாண்ட பிறகு மண்டபத்தில் ஏற்றினார்கள். இந்த வித்தை நமக்குப் புதிதா? நம் வாடிவாசல்களிலே எந்தத் தெருக்காரன் இறங்கலாம், எவன் காளை முதலில் வரலாம், எவனுக்கு மாலை என்று தெருவைப் பார்த்துத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்ததே! அவனியாபுரத்தில் விழாவை யார் எடுப்பது என்பதே வழக்காகி உயர்நீதிமன்றம் ஏறியதே!

இன்னொரு செய்தியும் உண்டு. தொழிற்சங்கத் தோழர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். 1936ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரத்தில் பெரிய ரோடியோ. டிக்கட் பணம் முதலாளிக்கு. முறிந்த எலும்பு மாட்டுக்காரனுக்கு. நுழைவுக் கட்டணம் வேறு அவனே கட்ட வேண்டும். ‘நாங்கள் கட்டும் கட்டணத்தையும் பரிசுப் பணத்தோடு சேர்’ என்று கேட்டார்கள். முதலாளி மறுத்தார். 61 பேர் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். களத்தில் இறக்க ஆளின்றி, லாயத்து ஆட்களை இறக்கிப் பார்த்தார் முதலாளி. பார்க்க வந்த கூட்டம் கேலி செய்தது. முதலாளி பணிந்தார்! வென்றவர்கள் சங்கம் கண்டனர். அதற்கு இட்ட பெயர் ஆமைச் சங்கம். ஏன் ஆமை? ஒன்றுசேர நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் கடைசியில் துணிந்து கழுத்தை நீட்டினோம் என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு வைத்த பெயர். 1945இல் பெயர் மாறியது. அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு இன்றும் அங்கே இருக்கிறது.

முரட்டு எருதை அடக்கியவன், முதலாளியை அடக்கத் தெரியாமல் முப்பது நாற்பது ஆண்டு கிடந்தான். தனித்தனியே நின்றபோது முடியவில்லை. சேர்ந்து நின்றான்; முடிந்தது.

திமிலும் கூலியும்

நம் வாடிவாசலைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி காளையின் திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது. பதினைந்து மீட்டர், அல்லது முப்பது வினாடி, அல்லது மூன்று துள்ளல். அதுவரை விடாமல் தழுவினால் வெற்றி. மருத்துவர் சோதிக்கிறார், டோக்கன் தருகிறார்கள், மைக்கில் ஊர் பேரும் உடையவர் பேரும் முழங்குகிறது. ‘இது இன்னார் காளை! தொட்டுப் பார்! அண்டா இருக்கு, சைக்கிள் இருக்கு, கட்டில் இருக்கு!’ என்று ஒலிபெருக்கி அலறுகிறது. கவனியுங்கள்: காளைக்கு உடையவர் பேர் உண்டு, தாவுகிறவனுக்குச் சட்டையில் நம்பர்தான்!

2019 ஜனவரியில் விராலிமலையில் 1,353 காளைகளை அவிழ்த்து உலக சாதனை என்றார்கள். அதே நாளில் இருவர் உயிர் போயிற்று. சாதனை எழுத்து பெரிய எழுத்து; சாவு எழுத்து சின்ன எழுத்து. அந்தச் சாவு வீட்டுக்கு மறுநாள் போனவர் எத்தனை பேர்? மறு வருடம் போனவர் எத்தனை பேர்?

மாடு பிடிப்பவன் யார் என்று நினைக்கிறீர்கள்? பங்களாவிலிருந்து வருகிறானா? கொத்துக் கரண்டியை வைத்துவிட்டு வருகிறான். லாரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வருகிறான். திருப்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் லீவு போட்டுவிட்டு, லீவு கிடைக்காவிட்டால் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வருகிறான். கொம்பு விலாவில் பாய்ந்தால் அன்று கைத்தட்டல். மறுநாள் முதல்? மூன்று மாதம் படுக்கை. படுக்கையில் கிடப்பவனுக்குக் கூலி ஏது? வீட்டு வாடகை நிற்குமா? மளிகைக் கடன் நிற்குமா? முதல் பரிசு வாங்கியவன் காரில் போகிறான், மகிழ்ச்சி. மற்றவன் ஆம்புலன்சில் போகிறானே, அவன் திரும்பி வருவது எதில்?

இவற்றைச் சொன்னால் சிலர், ‘வீர விளையாட்டிலே கூலிக் கணக்குப் பேசலாமா?’ என்று முகம் சுளிப்பார்கள். ஏன் பேசக் கூடாது? வீரம் என்று சொல்லி இரத்தத்தை இலவசமாக வாங்குவது எந்த ஊர் நியாயம்? கிரிக்கெட் ஆடுபவனுக்குச் சம்பளம் உண்டு. காயம் பட்டால் வைத்தியம் உண்டு. பந்து பிடிப்பவனுக்கு இருப்பது காளை பிடிப்பவனுக்கு ஏன் ஆகாது?

வேறு சிலர் நம்மை நோக்கி, ‘இத்தனை ஆபத்து என்றால் தடையே நல்லதல்லவா?’ என்பார்கள். அவர்களுக்கும் விடை உண்டு. கட்டடச் சாரம் சரிந்து தொழிலாளி சாகிறான் என்பதற்காகக் கட்டடமே கட்டாதே என்கிறோமா? சாரத்தைச் சரியாகக் கட்டு, கயிறு கொடு, கவசம் கொடு, ஈட்டுத்தொகை கொடு என்கிறோம். தடை என்பது சுலபம். ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். பாதுகாப்பு என்பது பாடு, பணம் செலவாகும். பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள்தான் ஒரு பக்கம் தடை என்பார்கள், மறு பக்கம் வெறும் வீரம் என்பார்கள். நாம் இரண்டும் வேண்டாம் என்கிறோம்.

நாம் கேட்பது நான்கு. வாடியில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும், வேலியோரம் நிற்கும் பார்வையாளனுக்கும், காளையை அவிழ்த்துவிட்டு அதன் பின்னே ஓடும் உரிமையாளனுக்கும் உயிர்க் காப்பீடும் முழுச் சிகிச்சையும் வேண்டும். நிவாரண அறிவிப்பாக அல்ல, சட்டத்தில் எழுதிய உரிமையாக! இது ஒன்று. காயம் பட்டுப் படுத்த நாட்களுக்குக் கூலி ஈடு வேண்டும். வண்ண அரங்கம் எழுப்பத் தெரிந்த நாட்டுக்கு வயிற்றைக் கணக்கிடத் தெரியாதா? இது இரண்டு. வாடிவாசலில் சாதி நுழையக் கூடாது; எந்த ஊரில் எந்தத் தெருவின் இளைஞனைத் தடுத்தாலும் அந்த ஊர் விழாவுக்கு அனுமதி கிடையாது என்று ஆணை வேண்டும். திமிலைப் பிடித்த கை எந்தச் சாதி என்று காளை கேட்பதில்லையே, நாம் கேட்கலாமா? இது மூன்று. புல்லும் பருத்திக் கொட்டையும் வாங்கிக் காளை வளர்க்கும் எளிய குடும்பங்களுக்கு, அதிலும் பிள்ளையைப் போல் காளையை வளர்க்கும் பெண்களுக்கு, தீவன உதவி வேண்டும். இல்லையேல் நாளை வாடிக்கு வருவது பணக்காரரின் காளை மட்டும்தான். பிச்சிகளை ஒழித்துவிட்டு ஜமீன்களை மட்டும் வைத்து நடத்துவதற்கா மெரினாவில் கண்விழித்தோம்? இது நான்கு.

சாரம் ஏறும் தோழனே, பட்டறைத் தோழனே! வரும் தையில் நீ ஊருக்குப் போவாய். உன் தம்பியோ பங்காளி மகனோ மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு வாடிக்கு ஓடுவான். தடுக்காதே, தட்டிக் கொடு. தட்டிக் கொடுத்த கையோடு அவனையும் அவன் கூட்டாளிகளையும் மந்தையில் உட்காரவைத்து நீ கற்ற பாடத்தைச் சொல். பட்டறையிலே தனியாகக் கேட்டபோது கதவைக் காட்டினார்கள், சங்கமாகக் கேட்டபோது நாற்காலி போட்டார்கள் என்று சொல். சங்கம் இருக்கும் ஊரில் அதை வலுவாக்கச் சொல். இல்லாத ஊரில் அன்றே தொடங்கச் சொல். பாஸ்டனில் 61 கையெழுத்துப் போதுமாயிருந்தது. தமிழ்நாட்டுக் காளையருக்குக் கையெழுத்தா கிடைக்காது?

சீறிவரும் காளையின் திமிலை நூறு கைகள் நாடும். ஒரு கைதான் பிடிக்க வேண்டும் என்பது வாடியின் விதி. உரிமையின் திமிலை ஒரு கையால் பிடிக்க முடியாது. நூறு கையும் சேர்ந்தே பிடிக்க வேண்டும் என்பது வாழ்வின் விதி. பிடியுங்கள் தோழர்களே! மூன்று துள்ளலோடு விட்டுவிடாதீர்கள்!